செம்மண் கோடுகள் – அத்தியாயம் 14: பெரம்பலூர் ரோடு

பிரவீன்ராஜ் இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு மாதமும் அறிவுமதி புருஷன் வீட்டில்தான் இருந்தாள். எடமலைப்பட்டி புதூரில் இரண்டு படுக்கையறை வீடு. மாமனார் நல்லதம்பி, மாமியார் மாரியாயி, நாத்தனார் தேவதர்ஷினி, அப்புறம் இவள். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் கிளார்க் வேலை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாரியாயி ஏதாவது ஒரு சாக்கில் அந்தப் பேச்சை எடுத்துவிடுவாள். என் பிள்ளையைச் சண்டை போட்டு வெளியே அனுப்பினவள் நீதானே என்பாள்.

அறிவுமதி மறுத்ததில்லை. மறுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

தனிக்குடித்தனம் போவதைப் பற்றி அன்றைக்கு இருவருக்கும் வாக்குவாதம் நடந்தது உண்மை. பாதிப் பேச்சில் அவனுக்கு ஒரு போன் வந்தது. வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து வண்டிச் சாவியை எடுத்தான். எங்கே என்று கேட்டதற்கு, ஒரு வேலை இருக்கு, வந்துடறேன் என்று மட்டும் சொன்னான். அவள் ஆத்திரத்தில் “போங்க, எங்க வேணாலும் போங்க” என்றதும் உண்மை. நாலரை மணிக்குச் சிறுகனூர் தாண்டி, பெரம்பலூர் போகும் ரோட்டில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது.

கோபம் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு மனம் போன பக்கம் போய்விட்டு வருவது பிரவீன்ராஜின் வழக்கம். அன்றும் அப்படித்தான் போயிருக்கிறான் என்று வீடு முடிவு செய்துகொண்டது. அவனுடைய போன் லாரிச் சக்கரத்தில் நொறுங்கிவிட்டது. போனில் பேசியது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. தான் சொன்ன அந்த வார்த்தையைச் சாவு வீட்டில் மாமியாரின் மடியில் விழுந்து சொன்னவளும் அறிவுமதிதான். யாரும் கேட்டுச் சொல்லவில்லை. தாங்க முடியாமல் தானாகச் சொன்னாள்.

அவளைத் திரும்ப மனுஷியாக்கியது தேவதர்ஷினி. கல்யாணத்துக்கு முன்பு அறிவுமதி நன்றாக டென்னிஸ் ஆடியவள். வேலை கிடைத்ததே அதனால்தான். கல்யாணத்தோடு ராக்கெட் பரண்மேல் போய்விட்டது. பிரவீன்ராஜ் இறந்து மூன்றாவது மாதம் தேவதர்ஷினி ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்து, தூசி தட்டி, புது நரம்பு கட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தாள். அண்ணி என்கூட டபுள்ஸ் ஆட வேண்டும், மாட்டேன் என்றால் நானும் ஆட்டத்தை விட்டுவிடுவேன் என்றாள். இருபது வயதுப் பெண்ணுக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அறிவுமதி அன்று அழுதாள்.

இப்போது ஆனி மாதம். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு கிளப்பின் மண் கோர்ட்டில் மாநில அளவிலான போட்டி நடந்துகொண்டிருந்தது. அரையிறுதியும் இறுதியும் அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில்.

பெண்கள் இரட்டையரில் முதலாவதாக வந்தால் தேவதர்ஷினி ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனுப் போடலாம். இரண்டாவது இடத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. மூன்று பாடம் அரியரோடு காலேஜை முடித்தவளுக்கு வேறு வழியும் தெரியவில்லை.

அறிவுமதிக்கும் அந்த நாள் ஒரு கெடுதான். தொட்டியத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் அவள் அப்பா மாத்ருபூதம் சாயங்காலம் காரோடு வருவதாகச் சொல்லியிருந்தார். இருபத்தெட்டு வயதுப் பெண் எத்தனை நாள் வசவு கேட்டுக்கொண்டு இருப்பாள், போட்டி முடிந்ததும் பெட்டியோடு கிளம்பு என்று போன வாரம் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாரியாயியிடம் சொன்னபோது, தாராளமாகப் போகட்டும் என்று பதில் வந்தது.

அரையிறுதி காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது. விடியற்காலையில் தண்ணீர் தெளித்து இழுத்துவிட்ட செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. பந்து குத்தி எழும்ப நேரம் எடுத்தது. அறிவுமதிக்கு அந்த வேகம் பிடிக்கும். காலைச் சறுக்கிவிட்டுப் பந்துக்குப் போய்ச் சேரும்போது வேறு எதுவும் நினைவில் இருப்பதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டார்கள். தேவதர்ஷினி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவர் காலுறையும் முழங்கால்வரை சிவந்து கிடந்தன.

அடுத்த கோர்ட்டில் ஹஃப்ஸாவும் இருதயமேரியும் ஜெயித்து இறுதிக்கு வந்தார்கள். ஹஃப்ஸா தேவதர்ஷினியின் காலேஜ் தோழி. முன்பு இருவரும்தான் ஜோடியாக ஆடினார்கள். போன வருஷம் சென்னையில் வேலை கிடைத்துப் போனவள், இந்தப் போட்டிக்காகத்தான் திருச்சிக்கு வந்திருந்தாள்.

பத்து மணி இருக்கும். அறிவுமதி பெண்கள் அறைக்குப் பின்னால் இருந்த குழாயில் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஹஃப்ஸா வந்து பக்கத்தில் நின்றாள். தேவதர்ஷினி அப்போது கேன்டீனில் இருந்தாள்.

ஹஃப்ஸா, அண்ணன் இறந்த சமயத்தில் வீட்டுக்கு வந்து பார்க்காததற்கு மன்னிப்புக் கேட்டாள். வரத்தான் இருந்தாளாம், தேவதர்ஷினிதான் வேண்டாம் என்று தடுத்துவிட்டாளாம். பரவாயில்லைம்மா என்றாள் அறிவுமதி.

“எனக்கு இன்னும் மனசு ஆறலக்கா” என்றாள் ஹஃப்ஸா. “பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல ஆறரை மணி வரைக்கும் நின்னோம். தர்ஷினி போன் போட்டுக்கிட்டே இருந்தா. வந்துட்டே இருக்கேன்னு சொன்னவரு ஏன் எடுக்கலன்னு நான்கூட கோவிச்சுக்கிட்டேன். அல்லா என்னை மன்னிக்கணும்.”

அறிவுமதி குழாயை மூடினாள். “யார் வந்துட்டு இருக்கேன்னு சொன்னது?”

ஹஃப்ஸா அவள் முகத்தைப் பார்த்தாள். தவறாக எதையோ சொல்லிவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் பாதியில் நிறுத்தினால் விடமாட்டேன் என்பதுபோல் அறிவுமதி நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது.

அன்று பெரம்பலூரில் ஒரு போட்டி. அரியர் விழுந்ததிலிருந்து நல்லதம்பி மகளை எந்தப் போட்டிக்கும் அனுப்புவதில்லை. ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு தேவதர்ஷினி ஹஃப்ஸாவோடு பஸ் ஏறியிருக்கிறாள். ஆட்டம் இழுத்துவிட்டது. ஆறு மணிக்குள் வீட்டில் இல்லையென்றால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அண்ணனுக்குப் போன் செய்து, யாரிடமும் சொல்லாமல் வந்து கூட்டிக்கொண்டு போ என்று அழுதிருக்கிறாள். அவன் உடனே கிளம்பிவிட்டான்.

கோபத்தில் அவன் எங்கேயும் போகவில்லை. தங்கையை அழைத்துவரப் போனான். எங்கே என்று மனைவி கேட்டபோது சொல்லாமல் போனது, தங்கைக்குக் கொடுத்த வாக்குக்காக.

ஹஃப்ஸா போன பிறகும் அறிவுமதி அங்கேயே இருந்தாள். பதினோரு மாதம் ஒரு கொலைகாரியைப்போல் அந்த வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு நடந்திருக்கிறாள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெண்ணுக்கு எல்லாம் தெரியும். மாமியார் வையும்போதெல்லாம் தேவதர்ஷினி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். சண்டை பிடிக்காத பெண் என்று அதற்கும் ஒரு நல்ல அர்த்தம் வைத்திருந்தாள் அறிவுமதி. பரணிலிருந்து ராக்கெட்டை எடுத்தது பிரியம் இல்லை. குற்ற உணர்ச்சி.

ஆனாலும் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆட்டம் முடியட்டும், அதுவரை கேட்கக் கூடாது. அந்தப் பெண்ணின் பிழைப்பு இதில் இருக்கிறது. முடிந்ததும் கேட்கலாம்.

மத்தியானம் தேவதர்ஷினி எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தபோது பசியில்லை என்றாள். தலைவலியா என்று அவள் நெற்றியைத் தொட வந்தாள். அறிவுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு நல்லதம்பியும் மாரியாயியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நல்லதம்பிக்குப் பங்குனியில் நெஞ்சுவலி வந்து, புத்தூர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவரைத் தனியாக அனுப்பப் பயந்துதான் மாரியாயியும் வந்தாள். மகன் போனபிறகு அவர் யாரையும் எதற்கும் தடுப்பதை விட்டுவிட்டார். மகள் ஆடுவதை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தார். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர்போல் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

மூன்றரைக்கு இறுதி ஆட்டம் ஆரம்பித்தது. வறண்ட கொள்ளிடத்திலிருந்து காற்று மணலோடு அடித்தது. காலையில் ஈரமாக இருந்த கோர்ட் இப்போது மாவாகப் பறந்தது.

முதல் செட்டில் அறிவுமதியின் கை ஓடவில்லை. எளிய பந்துகளை வலையில் அடித்தாள். நாலுக்கு ஆறு என்று செட் போனது. உட்கார்ந்த இடைவேளையில் என்ன அண்ணி, என்ன பண்ணுது என்று தேவதர்ஷினி திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒன்றுமில்லை, பந்தைப் பார்த்து ஆடு என்று மட்டும் அறிவுமதி சொன்னாள்.

இரண்டாவது செட்டில் நிலைமை மாறியது. சொல்ல முடியாதது எல்லாம் கைக்கு வந்தது. வந்த பந்தையெல்லாம் கோட்டுக்கு உள்ளே, ஓரத்தில், கனமாக இறக்கினாள். இருதயமேரி இரண்டு தடவை ராக்கெட்டைத் தவறவிட்டாள். பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். நல்லதம்பியும் எழுந்து நின்று தட்டினார். ஆறுக்கு மூன்று. ஆளுக்கொரு செட் ஆகிவிட்டதால் கடைசியாகப் பத்துப் புள்ளி டை-பிரேக். முதலில் பத்தை எட்டுபவர்களுக்குக் கோப்பை.

ஆறுக்கு ஆறு என்று வந்தபோது பக்கம் மாற வேண்டியிருந்தது. இருவரும் வலையைச் சுற்றி அடுத்த பக்கத்துக்கு நடந்தார்கள். அடுத்த சர்வீஸ் தேவதர்ஷினியுடையது. இன்னும் நாலே புள்ளி. அவள் முகமெல்லாம் வியர்வையும் மண்ணுமாக, அறிவுமதியின் தோளில் கை போட்டாள்.

“அண்ணனுக்காக ஜெயிச்சுடுவோம் அண்ணி” என்றாள்.

அறிவுமதி நின்றுவிட்டாள். காலையில் எடுத்த முடிவு அந்த இடத்தில் உடைந்தது.

“அன்னிக்கு அவரைப் பெரம்பலூருக்குக் கூப்பிட்டது நீயா?”

தோளில் இருந்த கை மெதுவாக இறங்கியது. தேவதர்ஷினி இல்லை என்று சொல்லவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. நடுவர் உயரமான நாற்காலியிலிருந்து நேரமாகிறது என்று அழைத்தார்.

தேவதர்ஷினி கோட்டுக்குப் பின்னால் போய் நின்று பந்தை மேலே போட்டாள். முதல் சர்வீஸ் வலையில். இரண்டாவது கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே. ஆறுக்கு ஏழு. அடுத்த இரண்டில் அறிவுமதி தனியாக ஓடி ஒன்றைப் பிடித்தாள், ஒன்று போனது. ஏழுக்கு எட்டு. அப்புறம் அவளே சர்வீஸ் போட்டாள். ஹஃப்ஸா திருப்பி அடித்த பந்து வலையருகே நின்ற தேவதர்ஷினியைக் கடந்து போனது. கையை நீட்டினாலே எட்டும் தூரம். அவள் நீட்டவில்லை. கடைசிப் பந்து அவள் ராக்கெட்டில் பட்டு அவள் காலடியிலேயே விழுந்தது.

ஏழுக்குப் பத்து.

கைகுலுக்க வலைக்கு வந்த ஹஃப்ஸா அழுதுகொண்டிருந்தாள். ஜெயித்த சந்தோஷம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அறிவுமதி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்தக் கேள்வியை ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டிருக்கலாம். கேட்கக் கூடிய நேரம் அது இல்லை என்று தெரிந்தேதான் கேட்டாள். பதினோரு மாதத்துக்கு ஐந்து நிமிஷத்தில் பழிதீர்த்துக்கொண்டாள். அதில் ஒரு சொட்டுக்கூட நிம்மதி இல்லை.

பெண்கள் அறைக்குப் பின்னால், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த வேப்பமரத்தடிக்கு தேவதர்ஷினி அவள் பின்னாலேயே வந்தாள். மாரியாயியும் வேகவேகமாக வந்து சேர்ந்தாள். கணவர் எங்கோ கடைப்பக்கம் போயிருப்பதாகவும், அதற்குள் கிளம்பத் தயாராகச் சொன்னார் என்றும் சொல்ல வந்தவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“உங்கம்மாகிட்ட சொல்லு” என்றாள் அறிவுமதி. “அவர் எதுக்குப் போனார்னு நீயே சொல்லு. இனிமே என்னால இந்தப் பழியைச் சுமக்க முடியாது.”

தேவதர்ஷினி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை. இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்பதுபோல் இருந்தது. மாரியாயி சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“மெதுவாப் பேசு. மாமா வந்துடுவார்” என்றாள்.

அவள் ஆச்சரியப்படவில்லை. எதைச் சொல்கிறாய் என்று கேட்கவில்லை. அறிவுமதிக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்தபோது பக்கத்தில் இருந்த சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்குத் தெரியுமா அத்தை?”

“மூணாம் நாளே சொல்லிட்டா” என்றாள் மாரியாயி.

“அதுக்கப்புறமும் தினமும் என்னை…”

“ஆமா. உன்னைத்தான்.” மாரியாயி கண்ணைத் தாழ்த்தவில்லை. “நீ வெளியிலேருந்து வந்தவ. பழி விழுந்தாலும் உங்கப்பா கார் எடுத்துக்கிட்டு வருவார். உனக்குப் போக இடம் இருக்கு. இவ எங்க போவா? அண்ணனைக் கொன்னவன்னு ஊர் சொல்லும். உங்க மாமா இவ முகத்துல முழிப்பாரா? ஒரு பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டேன் அறிவு. இன்னொண்ணையும் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல.”

தேவதர்ஷினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணியிடம் முதல் மாதமே சொல்லிவிடத்தான் இருந்ததாகவும், சொன்னால் விஷத்தைக் குடித்துவிடுவேன் என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டதாகவும் விக்கி விக்கிச் சொன்னாள். அண்ணியைத் தொட வந்தவள், தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அறிவுமதி மாமியாரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த அம்மாளை வெறுத்துவிட்டால் சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. தாலி கழற்றிய அந்த மூன்றாம் நாள், யாரும் பார்க்காதபோது தன் வாயில் ஒரு வாய் கஞ்சி ஊட்டியவளும் இவள்தான். மறுநாள் காலையிலிருந்து வைய ஆரம்பித்தவளும் இவள்தான். அந்த ராத்திரிக்குள்தான் மகள் வாய் திறந்திருக்க வேண்டும்.

“அவர்கிட்ட மட்டும் சொல்லாத” என்றாள் மாரியாயி. இப்போதுதான் முதல்முறையாக அந்தக் குரல் கெஞ்சியது. “நெஞ்சுல கம்பி வச்சிருக்கு. தாங்க மாட்டார். நீ ஊருக்குப் போ, நல்லா இரு. எங்களை இப்படியே விட்டுடு.”

அறிவுமதி பதில் சொல்வதற்குள் பேச்சுக்குரல் கேட்டது. நல்லதம்பியும் மாத்ருபூதமும் ஒன்றாக வந்துகொண்டிருந்தார்கள். மாத்ருபூதம் அப்போதுதான் காரை நிறுத்திவிட்டு வந்திருந்தார். நல்லதம்பியின் இரண்டு கையிலும் சீவிய இளநீர், ஒன்று மகளுக்கு, ஒன்று மருமகளுக்கு. ஸ்ட்ராவை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், பார்த்துப் பார்த்து அடி வைத்தார்.

மகள் தரையில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்ததும் நின்றார். இளநீரை மருமகளிடம் கொடுத்துவிட்டு, ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தார்.

“பாப்பா ஏம்மா இப்படி அழுவுது?” என்று அறிவுமதியைத்தான் கேட்டார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். இந்தப் பதினோரு மாதமும் அறிவுமதியின் தலையிலிருந்து இறங்கிவிடும். யார் தலையில் போய் உட்காரும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் பார்வை மாமனார் சட்டையின் மேல் பட்டனில் போய் நின்றது.

“தோத்துட்டோம்ல மாமா” என்றாள். “அதான்.”

நல்லதம்பியின் முகம் இளகியது. ஆட்டம் என்றால் அப்படித்தான், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் குனிந்து மகளின் தலையைத் தடவினார். பட்டதும் தேவதர்ஷினி இன்னும் கதறினாள். பிறகு அந்தக் கையைத் தலையிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்காக அழலப்பா” என்றாள்.

“தர்ஷினி” என்று மாரியாயி ஓரடி முன்னால் வந்தாள். தேவதர்ஷினி அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. “அண்ணி பொய் சொல்றாங்க. எனக்காகச் சொல்றாங்க.”

நல்லதம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ஏதோ வரப்போகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வலதுகை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போனது.

அறிவுமதி இரண்டு இளநீரையும் தன் அப்பாவின் கையில் திணித்தாள். பெண்கள் அறையின் வாசலுக்கு ஓடி, அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மாமனாருக்குப் பின்னால் போட்டாள். அவர் தோளைப் பிடித்து மெதுவாக அழுத்தினாள்.

“முதல்ல உட்காருங்க மாமா” என்றாள். “அவ சொல்லட்டும்.”